ஸ்பெயினின் கூட்டுப் புதைகுழிகள்: "ரெண்டு பக்கமும்தானே கொன்றார்கள்" என்று சொல்லி முடித்துவிடலாமா?

வைகைக்கரையான்:
ஐரோப்பாவில் நடந்த படுகொலைகள் என்றாலே பேச்சு நாஜி முகாம்களுக்கும் போஸ்னியாவுக்கும் போய்விடுகிறது. ஸ்பெயின் பற்றித் தமிழில் பேசுவது குறைவு, பேசினாலும் குவெர்னிகா குண்டுவீச்சு, பிக்காசோவின் ஓவியம் என்ற அளவில் நின்றுவிடும். வேறு ஒரு குழுவில் ஒருவர், "உள்நாட்டுப் போரில் ரெண்டு பக்கமும் கொன்றார்கள், எண்பது வருஷம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து யாருக்கு என்ன லாபம்" என்று எழுதியிருந்தார். அதற்கு அங்கே நாலு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த இழை.

முதலில் கணக்கு. 1936 ஜூலை 17, 18 தேதிகளில் மொலா, பிராங்கோ உள்ளிட்ட தளபதிகள், தேர்தலில் வென்று வந்த குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். அது பாதி வென்று பாதி தோற்றதால் 1939 வரை போர், அதில் வென்ற பிராங்கோ 1975-இல் சாகும்வரை சர்வாதிகாரியாக ஆண்டார். போர்முனையில் சண்டையிட்டுச் செத்தவர்களை விட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தும் சிறையிலிருந்தும் இழுத்துச் சென்று கொல்லப்பட்டவர்கள் மட்டும், குடியரசுப் பகுதியில் ஏறத்தாழ 50,000 பேர். கலகக்காரர்களின் பகுதியில், போர் முடிந்தபின் சுடப்பட்டவர்களையும் சேர்த்து, 1,30,000 முதல் 1,50,000 வரை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஆக, ரெண்டு பக்கமும் கொன்றது உண்மை. ஆனால் எனக்கு இந்த எண்களின் வித்தியாசத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து நடந்தது. வென்ற பக்கத்தின் செத்தவர்களை 1939-லிருந்தே அரசாங்கம் தேடித் தோண்டி எடுத்தது, பெயர் எழுதியது, மரியாதையோடு அடக்கம் செய்தது, விதவைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. தோற்ற பக்கத்துக் குடும்பங்கள், சாலையோரக் கால்வாயில் புருஷன் கிடக்கிறான் என்று தெரிந்தும் வெளியே அழக்கூட முடியாமல் 36 வருஷம் சர்வாதிகாரத்தில் வாழ்ந்தன, அதற்குப் பிறகு ஜனநாயகம் வந்தும் இன்னும் 25 வருஷம் காத்திருந்தன. இன்றைக்குத் தோண்டுகிறவர்கள் கேட்பது, முதல் பக்கத்துக்கு 1939-இல் கிடைத்ததை இரண்டாம் பக்கத்துக்கும் கொடுங்கள் என்பதைத்தான். இதில் பழிவாங்கல் எங்கே இருக்கிறது?

அந்தோணி_தூத்துக்குடி:
ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 50,000 என்ற எண்ணை ஒரு வரியில் தாண்டிப் போய்விடாதீர்கள். எங்கள் வீட்டில் சின்ன வயதில் கேட்ட கதைகளில் ஸ்பெயின் என்றாலே வேதசாட்சிகள்தான், விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்கள். கொல்லப்பட்ட குருக்கள், துறவிகள், கன்னியர் மொத்தம் 6,832 பேர். அதில் 13 ஆயர்கள், 283 கன்னியர். பர்பாஸ்த்ரோ என்ற சின்ன மறைமாவட்டத்தில் பத்து குருக்களில் எட்டுப் பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். பார்சிலோனாவில் செத்துப் புதைத்திருந்த கன்னியரின் உடல்களைக் கல்லறையிலிருந்து இழுத்துக் கோயில் வாசலில் காட்சிக்கு வைத்தார்கள். துப்பாக்கி தூக்காதவர்கள், பெரும்பாலோர் கிராமத்துப் பங்குச் சாமியார்கள். இதைச் சொன்னாலே "நீ பிராங்கோ ஆளா" என்று கேட்கிறார்கள், அது எனக்கு வலிக்கிறது.

பழையபுத்தகம்:
அந்தோணி சார், அதைத் தாண்டிப் போகக் கூடாதுதான். ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு குருமார் மேல் இந்த அளவுக்கு வன்முறை மிகச் சில இடங்களில்தான் நடந்தது. அவர்களில் பலர் எந்தப் பண்ணையாரோடும் சேர்ந்தவர்கள் இல்லை, அங்கி போட்டிருந்தார்கள் என்பதற்காகவே செத்தார்கள்.

ஆனால் இரண்டு கொலைகளும் நடந்த விதம் வேறு, அதைச் சொல்லியாக வேண்டும். கலகம் நடந்ததும் குடியரசுப் பகுதியில் அரசு என்ற ஒன்றே சில மாதங்களுக்குக் காணாமல் போயிற்று. ராணுவமும் போலீசும் இரண்டாகப் பிளந்தன, ஆயுதம் தொழிற்சங்கங்களின் கைக்குப் போனது, ஊருக்கு ஊர் கமிட்டி, சிறைக் கதவுகள் வேறு திறந்துவிடப்பட்டன. யார் வேண்டுமானாலும் கார் எடுத்துக்கொண்டு ராத்திரி வந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போகலாம், காலையில் உடல் ஊருக்கு வெளியே கிடக்கும். கொலைகளில் பெரும்பகுதி 1936 கடைசிக்குள் நடந்து முடிந்தவை. அரசாங்கம் திரும்பத் தலையெடுத்து நீதிமன்றங்களை அமைக்க அமைக்க எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. குடியரசின் தலைவர்களில் பலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள், பாஸ்போர்ட் கொடுத்து ஆட்களைத் தப்ப வைத்தார்கள்.

மறுபக்கத்தில் கொலை மேலிருந்து வந்த உத்தரவு. கலகத்துக்குத் திட்டம் போட்ட மொலா, கலகம் தொடங்கும் முன்பே அனுப்பிய ரகசியக் குறிப்பில் நடவடிக்கை மிகக் கொடூரமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். கலகம் தொடங்கிய பிறகு, பயத்தைப் பரப்ப வேண்டும், நம்மைப் போல நினைக்காதவர்களைத் தயக்கமில்லாமல் ஒழிக்க வேண்டும் என்று மேயர்களைக் கூட்டிச் சொன்னார். செவில் நகரைப் பிடித்த கெய்ப்போ தெ யானோ ராத்திரி ராத்திரி ரேடியோவில் வந்து, தன் படைகள் குடியரசு ஆதரவாளர்களின் வீட்டுப் பெண்களை என்ன செய்யும் என்று விலாவாரியாகப் பேசினார். ஒரு தளபதி ரேடியோவில் பாலியல் வன்முறையை வாக்குறுதியாகக் கொடுக்கிறான் என்றால் அந்தப் படை எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

அந்தப் படையின் முதுகெலும்பு மொராக்கோவிலிருந்து வந்த ஆப்பிரிக்க ராணுவம். 1920-களில் ரிஃப் மலைவாசிகள்மேல் விஷவாயுக் குண்டு வீசிய காலனியப் போரில் வளர்ந்த அதிகாரிகள் அதை நடத்தினார்கள். அங்கே கிராமங்களை எரித்துப் பழகியவர்கள் அதே முறையைத் தெற்கு ஸ்பெயினின் நிலமில்லாத கூலிக்காரர்கள்மேல் பயன்படுத்தினார்கள். 1936 ஆகஸ்ட் 14 அன்று பதஹோஸ் நகரம் விழுந்தது. பிடிபட்டவர்களைக் காளைச்சண்டை மைதானத்தில் அடைத்துச் சுட்டார்கள், தோளில் துப்பாக்கியின் பின்கட்டை பட்ட தழும்பு இருந்தாலே போதும், நீ சுட்டவன் என்று கணக்கு. மதிப்பீடுகள் சில நூறிலிருந்து 4,000 வரை போகின்றன. எல்லை தாண்டிப் போர்ச்சுகலுக்கு ஓடியவர்களில் பலரை அங்கிருந்த சலசார் அரசு பிடித்துத் திருப்பி ஒப்படைத்தது. அந்தப் படையின் தலைவர் யாகுவே இதை மறைக்கவே இல்லை. நாலாயிரம் சிவப்புக்காரர்களை, அதாவது இடதுசாரிகளை, கூட்டிக்கொண்டா நான் முன்னேறுவது என்ற பொருளில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொன்னார்.

நிலா_72:
பழையபுத்தகம் அண்ணா, "அரசு இல்லாததால் நடந்தது" என்று குடியரசுப் பக்கத்துக்குச் சொல்கிறீர்கள், அப்போ பரகுவேயோஸ்? அது தலைநகர் மாட்ரிட்டில் நடந்ததுதானே, அங்கே அரசு இருந்ததே.

பழையபுத்தகம்:
சரியான இடத்தில் கேட்டீர்கள் நிலா. பரகுவேயோஸை அந்த விளக்கத்துக்குள் அடக்க முடியாது.

1936 நவம்பர் தொடக்கத்தில் பிராங்கோவின் படை மாட்ரிட்டின் வாசலுக்கு வந்துவிட்டது. அரசாங்கம் வலென்சியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டது, நகரத்தைப் பாதுகாக்க ஒரு குழு. சிறைகளில் ஆயிரக்கணக்கான கைதிகள், அவர்களில் ராணுவ அதிகாரிகள் நிறைய. பிராங்கோ உள்ளே வந்தால் அவர்கள் அவன் படையில் சேர்ந்துவிடுவார்கள் என்ற பயம். நவம்பர் 7-லிருந்து டிசம்பர் 4 வரை, வேறு சிறைக்கு மாற்றுகிறோம் என்று பட்டியல் போட்டு, பஸ்களில் ஏற்றி, பரகுவேயோஸ் தெ ஹராமா, தொர்ரேஹோன் என்ற இரண்டு ஊர்களின் ஓரம் இறக்கிச் சுட்டார்கள். 2,000-லிருந்து 2,500 பேர். பட்டியல், கையெழுத்து, வண்டி எல்லாம் இருந்தன. அப்போது மாட்ரிட்டின் பொது ஒழுங்குப் பொறுப்பில் இருந்தவர் 21 வயது சந்தியாகோ கரீயோ. பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். எனக்குத் தெரியாது, நான் உத்தரவிடவில்லை என்று 2012-இல் சாகும்வரை சொன்னார். எனக்கு அந்தப் பதில் ஒருநாளும் போதுமானதாகப் படவில்லை.

இதை நிறுத்தியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்சோர் ரொத்ரீகஸ், செவில்காரர், முன்னாள் காளைச்சண்டை வீரர், அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர். முடியாட்சிக் காலத்திலும் குடியரசுக் காலத்திலும் தானே பலமுறை சிறையில் கிடந்தவர். சிறைத்துறைப் பொறுப்பு கிடைத்ததும், தன் அனுமதி இல்லாமல் ராத்திரியில் எந்தக் கைதியையும் வெளியே எடுக்கக் கூடாது என்றார். ஒத்துழைப்பு இல்லாமல் சில நாளில் ராஜினாமா செய்தார், டிசம்பர் 4-இல் திரும்ப அமர்த்தப்பட்டார், கொலைகள் அன்றோடு நின்றன. டிசம்பர் 8 அன்று அல்கலா தெ எனாரெஸ் ஊரில் விமானக் குண்டுவீச்சுக்குப் பழிவாங்க ஒரு கும்பல் ஆயுதத்தோடு சிறைக்குள் நுழையப் பார்த்தது. இவர் வாசலில் மணிக்கணக்காகத் தனியாக நின்று பேசித் திருப்பி அனுப்பினார். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள், பிராங்கோவின் பிற்காலத் தளபதி முன்யோஸ் கிராந்தெஸ் அதில் ஒருவர்.

போர் முடிந்ததும் பிராங்கோ ஆட்சி இந்த மனிதனையும் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது, அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. முன்யோஸ் கிராந்தெஸ் வந்து சாட்சி சொன்னதால் உயிர் தப்பிச் சிறைக்குப் போனார். 1972-இல் இறந்தபோது பெட்டிமேல் அராஜகவாதிகளின் கொடி போர்த்தியிருந்தது, பக்கத்தில் நின்று பிராங்கோ ஆட்கள் சிலர் ஜெபம் சொன்னார்கள்.

கிழக்குக்காற்று:
ஒரு பக்கமாகவே போகிறது இழை. பிராங்கோ வரவில்லை என்றால் ஸ்பெயின் ஸ்டாலின் கைக்குப் போயிருக்கும். அங்கே நடந்திருக்கக்கூடிய கொலைகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. போர் என்றால் இப்படித்தான், எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. ஒரு தலைமுறை மறந்துவிட்டு முன்னேறியது, இப்போது பேரப்பிள்ளைகள் அரசியலுக்காகக் கிளறுகிறார்கள்.

வைகைக்கரையான்:
கிழக்குக்காற்று, 1936 பிப்ரவரித் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 17 இடங்கள், நாடாளுமன்றத்தில் 470-க்கும் மேல் இடங்கள். கலகம் வெடித்து, பிரிட்டனும் பிரான்சும் தலையிட மாட்டோம் என்று ஆயுதம் விற்க மறுத்து, பெரும்பாலும் சோவியத்திடமிருந்தே ஆயுதம் வந்த பிறகுதான் அந்தக் கட்சி பெரிதானது. ஸ்டாலினின் ஆட்கள் அங்கே கொன்றதும் நடந்தது, 1937 ஜூனில் ஆந்த்ரெயு நின் என்ற மார்க்சியத் தலைவரைக் கடத்திச் சித்திரவதை செய்து கொன்றார்கள், அதையும் இங்கே நான் மறைக்கவில்லை. ஆனால் நடக்காத கொலைகளைக் காட்டி, நடந்த கொலைகளைக் கழிக்கும் கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

"போர் என்றால் இப்படித்தான்" என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். போர் 1939 ஏப்ரல் 1-இல் முடிந்தது. மாட்ரிட்டின் கிழக்குக் கல்லறைச் சுவரில் 13 இளம் பெண்களை நிறுத்திச் சுட்டது ஆகஸ்ட் 5. அதில் பாதிக்கு மேல் அன்றைய சட்டப்படி மைனர்கள், 21 வயது ஆகாதவர்கள். அதே நாளில் 43 ஆண்களும். வலென்சியா பக்கத்தில் பத்தெர்னா என்ற ஊரின் சுவரில் 1939-லிருந்து 1956 வரை 2,238 பேர் சுடப்பட்டார்கள். கத்தலோனியாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் யூயிஸ் கொம்பான்யஸை நாஜிகள் பிரான்சில் பிடித்து ஒப்படைத்தார்கள், 1940 அக்டோபரில் சுட்டார்கள். இவர்கள் பலர்மேல் போட்ட வழக்கு என்ன தெரியுமா, "ராணுவக் கலகத்துக்குத் துணை போனது". கலகம் செய்தவன் நீதிபதி, கலகத்தில் சேராதவன் கலகக்காரன். இது தலைகீழ் நீதி என்று பிராங்கோவின் மைத்துனரும் மந்திரியுமாக இருந்த செரானோ சூன்யேரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

மேற்குக்கரை:
நான் பார்சிலோனா பக்கம் வேலை பார்க்கிறேன். "ஒரு தலைமுறை மறந்துவிட்டு முன்னேறியது" என்று எழுதியவருக்கு: இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு பக்கம் உரக்கச் சொல்ல அனுமதி இருந்தது, இன்னொரு பக்கத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனால் சில கோயில் சுவர்களில் "கடவுளுக்காகவும் ஸ்பெயினுக்காகவும் வீழ்ந்தவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் செதுக்கிய கல்லை இன்னும் பார்க்கலாம். அதே ஊரில் கொல்லப்பட்ட ஆசிரியர், தொழிற்சங்கக்காரர், மேயர் பெயர் எங்கும் இருக்காது. 1940-இல் அரசாங்கம் ஒரு மாபெரும் விசாரணை தொடங்கியது, குடியரசுப் பகுதியில் நடந்த ஒவ்வொரு கொலையையும் ஊர் ஊராகப் பதிவு செய்ய. வென்றவர்கள் அவ்வளவு அதிகாரத்தோடு தேடிக் கடைசியில் அறிவித்த எண் 85,940. பிறகு வந்த ஆய்வுகள் ஒரே ஆள் இரண்டு மூன்று ஊர்க் கணக்கில் வந்திருப்பதைக் கண்டுபிடித்து 50,000-க்குக் கீழே கொண்டுவந்தன. மறுபக்கத்துக்கு அப்படி ஒரு விசாரணை நடக்கவே இல்லை, அதனால்தான் அந்த எண் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

மாட்ரிட்டுக்கு வெளியே "வீழ்ந்தவர்களின் பள்ளத்தாக்கு" (2022-லிருந்து குவெல்காமுரோஸ் பள்ளத்தாக்கு) இருக்கிறதே, மலையைக் குடைந்த கோயிலும் 150 மீட்டர் சிலுவையும், அதைக் கட்டியவர்களில் அரசியல் கைதிகளும் உண்டு. 1959-இல் திறந்தார்கள். அங்கே 33,000-க்கும் மேற்பட்ட உடல்கள். தன் பக்கத்து உடல்கள் போதவில்லை என்று குடியரசு ஆட்களின் புதைகுழிகளையும் குடும்பத்தைக் கேட்காமல் தோண்டிப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். யாரால் கொல்லப்பட்டானோ அவன் பக்கத்திலேயே போய்க் கிடக்க வேண்டும், பேரனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 2019 அக்டோபர் 24 அன்று பிராங்கோவின் உடலை அங்கிருந்து எடுத்தார்கள். செவிலில் கெய்ப்போ தெ யானோ 2022 நவம்பர் வரை ஒரு பெரிய கோயிலுக்குள்தான் இருந்தார், மேலே யாரோ சொன்ன அந்த ரேடியோ தளபதி.

தடயவியல்_மாணவி:
படிப்பு சம்பந்தமாக இந்த அகழ்வுகளின் அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன், அதனால் "எலும்பைத் தோண்டி என்ன லாபம்" என்பதற்கு வேலையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

திருப்பம் வந்தது 2000 அக்டோபரில். லியோன் மாகாணத்தில் பிரியரான்சா தெல் பியெர்சோ என்ற ஊரின் சாலையோரம், எமிலியோ சில்வா என்ற பத்திரிகையாளர் தன் தாத்தாவைத் தேடினார். தொல்லியலாளர்களும் தடயவியல் ஆட்களும் சேர்ந்து 13 உடல்களை எடுத்தார்கள். 2003-இல் தாத்தாவின் அடையாளம் மரபணு மூலம் உறுதியானது, உள்நாட்டுப் போர்க் கொலைகளில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் ஆள் அவர். அந்தச் செய்தி வந்ததும் நாடு முழுக்கக் கடிதங்கள் குவிந்தன, எங்கள் அப்பா இங்கே, எங்கள் மாமா அங்கே என்று.

வேலை தொடங்குவது மண்வெட்டியில் இல்லை. முதலில் ஊரில் உயிரோடு இருக்கும் கிழவர்களிடம் பேச்சு. எந்த வளைவு, எந்த மரம், மறுநாள் காலையில் ஆடு மேய்க்கப் போனவன் என்ன பார்த்தான். அப்புறம் சோதனைக் குழி, மண்ணின் நிறம் மாறும் இடம், பிறகு கரண்டியும் தூரிகையும். குப்புற விழுந்த உடல்கள், ஒன்றன்மேல் ஒன்று, மண்டையின் பின்னால் துளை, சில இடங்களில் மணிக்கட்டில் கம்பி. சட்டை மக்கிவிடும், பொத்தான் மக்காது. ரப்பர்ச் செருப்பு, கண்ணாடி, பென்சில், மாதாவின் பதக்கம். கொல்லப்பட்ட "கடவுள் எதிரிகள்" பலரின் எலும்போடு பதக்கம் கிடைத்திருக்கிறது, அந்தோணி அண்ணா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலென்சியா நகரத்தில் பழைய கல்லறையின்மேல் குழந்தைகள் பூங்கா கட்டியிருந்தார்கள். 2011-இல் அங்கே தோண்டியபோது கத்தலீனா முன்யோஸ் என்ற பெண்ணின் எலும்புகளோடு ஒரு கிலுகிலுப்பை கிடைத்தது, வண்ணம்கூடப் போகவில்லை. 1936 செப்டம்பரில் சுடப்பட்டவர். கைக்குழந்தை ஒன்பது மாதம். அந்தக் குழந்தை 83 வயதில், 2019-இல், அந்தக் கிலுகிலுப்பையைத் தன் கையில் வாங்கினார்.

பத்தெர்னாவில் பிணங்களைப் புதைக்கும் வேலையில் இருந்தவர் லியோன்சியோ பதியா, அவரே குடியரசு ஆதரவாளர், வேறு வேலை கிடைக்காதபடி செய்து இதில் தள்ளியிருந்தார்கள். ஒவ்வொருவரின் சட்டைத் துணியிலும் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு விதவைகளிடம் காட்டுவாராம். பெயர் எழுதிய காகிதத்தைச் சின்ன பாட்டிலில் போட்டு உடலோடு புதைத்தார், என்றாவது யாராவது தோண்டுவார்கள் என்று நம்பி. இன்றைய ஆய்வாளர்களுக்கு அவை கிடைத்தன.

நேரம்தான் இப்போது பெரிய பிரச்சினை. மகனோ மகளோ உயிரோடு இருந்தால் மரபணுவை ஒப்பிடுவது எளிது. பேரன், கொள்ளுப்பேரன் என்று தள்ளிப் போகப் போகப் பொருத்தம் பலவீனமாகும், தாய்வழியோ ஆண்வழியோ அறுபடாத தொடர்ச்சி கிடைக்க வேண்டும். செவில் கல்லறையில் பீக்கோ ரெஹா என்ற ஒரே குழியிலிருந்து 2020-க்கும் 2023-க்கும் இடையே 1,700-க்கும் மேற்பட்ட உடல்கள் வந்தன, எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அவ்வளவு பேருக்கும் ஒப்பிட உறவினர் கிடைக்கப் போவதில்லை. 1980-இல் தோண்டியிருந்தால் கிடைத்திருப்பார்கள்.

நிலா_72:
கிலுகிலுப்பை பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

ஒன்று புரியவில்லை. பிராங்கோ 1975-இல் செத்தாயிற்று, ஜனநாயகம் வந்தாயிற்று. கொன்றவர்கள் பலர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்களே, ஒரு வழக்குகூட நடக்கவில்லையா?

வைகைக்கரையான்:
இல்லை நிலா, இந்தக் கொலைகளுக்காக ஸ்பெயினில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1977 அக்டோபர் 15 பொதுமன்னிப்புச் சட்டம்தான் காரணம். சிறையிலிருந்த இடதுசாரிகளை விடுவிக்க எதிர்க்கட்சிகளே கேட்டுப் போராடி வாங்கிய சட்டம் அது. ஆனால் அதில் அரசு அதிகாரிகளும் போலீசும் செய்த குற்றங்களுக்கும் மன்னிப்பு என்று சேர்ந்துவிட்டது. ராணுவம் எந்த நேரமும் திரும்ப வரலாம் என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அந்தப் பயம் வீண் இல்லை, 1981-இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே துப்பாக்கியோடு புகுந்தார்கள். ஆனால் அன்றைய பயத்துக்குச் செய்த ஏற்பாட்டை இன்றைக்கும் நீதி என்று சொல்ல முடியாது.

2008-இல் நீதிபதி பல்தசார் கார்சோன், சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேயைக் கைது செய்ய வைத்தவர், காணாமல் போன 1,14,226 பேரின் பட்டியலோடு விசாரணை தொடங்கினார். விளைவு, வழக்கு அவர்மேலேயே திரும்பியது. 2012-இல் அந்த வழக்கில் விடுதலை ஆனார், ஆனால் அதே மாதம் வேறொரு வழக்கில், ஒட்டுக்கேட்பு விஷயத்தில், 11 வருஷம் பதவி போயிற்று.

அதனால் குடும்பங்கள் அர்ஜென்டினா நீதிமன்றத்துக்குப் போயின. அஸென்சியோன் மெந்தியெத்தா என்ற அம்மா, அப்பா தொழிற்சங்கத் தலைவர், 1939 நவம்பரில் குவாதலஹாராவில் சுடப்பட்டவர். இவருக்கு அப்போது 13 வயது. 2013-இல் 88 வயதில் விமானம் ஏறிப் புவெனோஸ் அய்ரெஸ் போய் நீதிபதி மரியா செர்வினி முன்னால் நின்றார். அந்த நீதிபதி உத்தரவு போட்ட பிறகுதான் ஸ்பெயினில் குழி தோண்டினார்கள். 2016-இல் கிடைக்கவில்லை, 2017-இல் இன்னொரு குழியில் கிடைத்தார். அப்பாவின் ஓர் எலும்பாவது என்னோடு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மாட்ரிட்டில் அவரை அடக்கம் செய்துவிட்டு இரண்டு வருஷத்தில் 93 வயதில் இறந்தார், அதே கல்லறையில் இருக்கிறார். இந்த அம்மாவிடம் போய் "அரசியலுக்காகக் கிளறுகிறாய்" என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அந்தோணி_தூத்துக்குடி:
பதக்கம் பற்றி எழுதிய தங்கைக்கு நன்றி. எங்கள் சபையைப் பற்றி நானே சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

1937 ஜூலையில் ஸ்பெயின் ஆயர்கள் கூட்டாக ஒரு கடிதம் வெளியிட்டு உலகத்துக்கு பிராங்கோ பக்க நியாயத்தைச் சொன்னார்கள். கையெழுத்துப் போட மறுத்தவர்களில் தர்ரகோனாவின் கர்தினால் விதால் இ பர்ராகேர் ஒருவர். அவரை பிராங்கோ நாட்டுக்குள் விடவே இல்லை, 1943-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். இத்தனைக்கும் அவருடைய துணை ஆயரைக் கொன்றது குடியரசுப் பக்கத்தார். பாஸ்க் பகுதியில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குருக்களை பிராங்கோவின் படையே சுட்டது, அவர்களை வேதசாட்சி என்று ரொம்ப காலம் யாரும் சொல்லவில்லை. 1971-இல் ஆயர்களும் குருக்களும் சேர்ந்த பேரவையில், நம் சகோதரர்களிடையே சமாதானம் செய்யத் தவறினோம், மன்னிப்புக் கேட்கிறோம் என்று ஒரு தீர்மானம் வந்தது. பெரும்பான்மை ஆதரித்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது.

கொல்லப்பட்டவர்களில் 2007-இல் 498 பேருக்கும் 2013-இல் 522 பேருக்கும் அருளாளர் பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள். எங்கள் செத்தவர்களை நாங்கள் பெயர் சொல்லி அழைத்து மண்டியிடுகிறோம். அதே உரிமையை மறுபக்கத்தில் கொல்லப்பட்ட ஓர் ஆசிரியரின் மகளுக்கு மறுத்தால் நாங்கள் படிக்கும் சுவிசேஷத்துக்கு என்ன அர்த்தம்.

கிழக்குக்காற்று:
சரி, குடும்பம் கேட்டால் தோண்டுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அரசு பணத்தில், சட்டம் போட்டு, சிலை எடுத்து, தெருப் பெயர் மாற்றி ஏன்? அதுவும் கவிஞர் லோர்காவின் குடும்பமே தோண்ட வேண்டாம் என்றுதானே சொன்னது?

மேற்குக்கரை:
அரசு பணம் ஏன் என்றால், கொன்றது அரசு. 2007-இல் வந்த முதல் நினைவுச் சட்டம் தோண்டும் வேலையைக் குடும்பங்களின் தலையிலேயே கட்டியது, மானியம் மட்டும் கொடுத்தது. ராகோய் பிரதமர் ஆனதும் அந்த மானியத்தையும் பூஜ்யம் ஆக்கினார், அதைப் பெருமையாகவும் சொன்னார். அந்த வருஷங்களில் வெளிநாட்டு நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் குழி தோண்டினார்கள். 2022 அக்டோபர் சட்டம்தான் தேடுவது அரசின் கடமை என்று முதல்முறையாகச் சொன்னது, மரபணு வங்கியும் அதில் வந்தது. இதற்கும் எதிர்ப்பு. 2024-இல் அரகோன் மாநிலம் தன் நினைவுச் சட்டத்தை ரத்து செய்தது, வலென்சியா "இணக்கம்" என்ற பெயரில் வேறு சட்டம் கொண்டுவந்தது, ஐ.நா. நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். ஆகவே இன்னும் இது முடிந்த விஷயம் இல்லை.

தடயவியல்_மாணவி:
லோர்கா பற்றிப் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள் கிழக்குக்காற்று. 1936 ஆகஸ்டில் கிரனாடாவுக்கு வெளியே, விஸ்னார், அல்பாகார் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே சுட்டார்கள். அவர் தனியாகச் சாகவில்லை. தியோஸ்கொரோ கலிந்தோ என்ற கால் ஊனமுற்ற பள்ளி ஆசிரியர், காளைச்சண்டையில் உதவி வீரர்களாக இருந்த இரண்டு அராஜகவாதிகள், நாலு பேரும் ஒரே இடம். லோர்கா குடும்பம், அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கவே கல்லறை, ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டாம் என்று சொன்னது. எனக்கு அந்த எண்ணம் புரிகிறது. ஆனால் ஆசிரியரின் குடும்பமும் அராஜகவாதிகளில் ஒருவரின் குடும்பமும் தோண்டச் சொன்னார்கள். ஒரு புகழ்பெற்ற குடும்பம் வேண்டாம் என்றால் பெயர் தெரியாத மூன்று பேர் வெளியே வர முடியாதா? கடைசியில் லோர்கா குடும்பமும் மற்றவர்களைத் தடுக்க மாட்டோம் என்றது. 2009-இல் குறித்த இடத்தைத் தோண்டினார்கள், ஓர் எலும்புகூட இல்லை.

அந்தக் கதை அதோடு நிற்கவில்லை. 2021-லிருந்து கிரனாடா பல்கலைக்கழகக் குழு பக்கத்திலேயே விஸ்னார் பள்ளத்தில் தோண்டுகிறது, நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்திருக்கின்றன, பெண்களும் உண்டு. சிலருக்குப் பெயர் கிடைத்துக் குடும்பத்திடம் ஒப்படைத்தாயிற்று. பத்திரிகைகள் லோர்கா கிடைத்தாரா என்று மட்டும் கேட்கின்றன.

நிலா_72:
எந்தெந்த ஊரில் குழிகள் என்று பொதுமக்கள் பார்க்க முடியுமா?

மேற்குக்கரை:
முடியும். ஸ்பெயின் அரசின் இணையதளத்தில் புதைகுழி வரைபடம் இருக்கிறது, 2,000-க்கும் மேற்பட்ட இடங்கள். இன்னும் தொடாதது, தோண்டியது, காணாமல் போனது, மலைக்கோயிலுக்கு மாற்றப்பட்டது என்று தனித்தனி நிறத்தில் குறித்திருப்பார்கள். ஸ்பானிய மொழியில்தான் இருக்கும், ஆனாலும் ஊர்ப்பெயரைத் தட்டினால் ஒவ்வொரு குழிக்கும் விவரம் வரும்.